பெரியவர் தூங்கிட்டார்

மத்தியானம் தாண்டினால் போதும், அவளுக்கு வேலையில் பாதிக் கவனம்தான் இருக்கும். ஒரு காது நீராவி இஸ்திரி மிஷின் பக்கம், இன்னொரு காது மேஜை ஓரத்தில் கிடக்கும் போன் பக்கம். அந்தச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. போன் அடித்ததும் கையில் இருக்கிற ஆஸ்பத்திரி விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். மறுமுனையில் அவள் புருஷன் இருப்பான். ஒரே ஒரு வாக்கியம் சொல்வான்.

“பெரியவர் தூங்கிட்டார்.”

“சரிங்க” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்ததும் தூக்கி வைத்திருந்த தோள் இரண்டும் கீழே இறங்கும், வயிற்றின் ஆழத்திலிருந்து ஒரு மூச்சு வரும், அதற்கப்புறம்தான் மனுஷியாக நின்று வேலை பார்ப்பாள்.

“ஏண்டி, உலகத்துல மாமனார் தூங்குறதுக்கெல்லாம் தினம் ஒரு போனா? அவர் முழிச்சா என்னடி பண்ணுவீங்க, ஊரையே காலி பண்ணுவீங்களா?” என்று பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவள் சீண்டுவாள்.

“அவர் முழிச்சா தாங்காதுக்கா. குணம் அப்படி” என்று இவளும் முகம் மாறாமல் சொல்லி வைப்பாள். மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

பெரியவர் என்பது துப்பாக்கி.

அவள் புருஷன், ஏ.டி.எம். மிஷின்களுக்குப் பணம் எடுத்துப் போகிற வண்டியில் கன்மேன். அவனுக்கென்று ஒரு பேர் இருந்தாலும் தெருவிலும் சரி, கம்பெனியிலும் சரி, கன்மேன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். சொந்தத் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் வைத்திருக்கிறவனைத்தான் கம்பெனி வேலைக்கு எடுக்கும். ஆகவே வேலை முடிந்து மற்ற ஆண்கள் காலிச் சாப்பாட்டு டப்பாவோடு வீடு திரும்பினால், இவன் டப்பாவோடு இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றையும் தோளில் மாட்டிக்கொண்டு திரும்புவான். கல்யாணமான புதிதில் அந்தப் பொருள் இருக்கிற அறையில் படுக்கவே மாட்டேன் என்று அவள் அடுப்படியில் பாய் விரித்தாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அது என்ன பாம்பா, ராத்திரி எழுந்து வந்து கடிக்க?” என்றான். மகள் பிறந்து தவழ ஆரம்பித்த அன்றைக்கு அவன் சிரிப்பு நின்றது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் பொறுப்பில்லாதவன் இல்லை. படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு லாக்கர் வாங்கி, நான்கு மூலையிலும் போல்ட் அடித்து முடுக்கினான். அதற்கு ஒரு சாவி அவன் சாவிக்கொத்தில், இன்னொன்று அவள் கழுத்துக் கயிற்றில். தோட்டாக்களுக்கு அடுப்படிப் பரணில் நம்பர் பூட்டுப் போட்ட தனிப் பெட்டி. வீட்டுக்கு வரும்போதே துப்பாக்கி காலியாகத்தான் வரும். வண்டிகள் நிற்கிற கம்பெனி யார்டில் மணல் நிரப்பிய டிரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் குழலைக் காட்டியபடி தோட்டாவை எடுத்து இடுப்பு பெல்ட்டின் வளையத்தில் செருக வேண்டும், சூப்பர்வைசர் குழலுக்குள் எட்டிப் பார்த்து “காலி” என்று குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் உறை, அப்புறம்தான் வீடு. இதில் எந்தக் குறையும் வைத்தவனில்லை. சொல்லப்போனால் அந்த ஒழுங்கினால்தான் வந்தது வினை. ஒழுங்காகவே நடக்கிற ஒரு காரியத்தை யாரும் தனியாக நினைத்துப் பார்ப்பதில்லை.

பெரியவர் என்று பெயர் வைத்தது அவள்தான். மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்வாள். வால் இல்லாத குறைதான் என்று தெருவே அவளை வாலு என்று கூப்பிடும். ஒருநாள் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது “எங்க வீட்ல துப்பாக்கி இருக்கு” என்று கணீரென்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் கைத்தராசை அப்படியே நிறுத்திவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தார்கள், இனி அந்த வார்த்தையே வீட்டில் வரக் கூடாது. தெரியாத ஒன்றை எந்தப் பிள்ளை தேடும் என்பது அவள் கணக்கு.

“அப்ப என்னன்னு சொல்றது?” என்றான் அவன்.

“உங்க பெரியப்பா இருக்காரே, அவர் மாதிரியேதான் இருக்கு இது. ஒல்லியா, விறைப்பா நிக்கும். ஒரு வார்த்தை பேசாது. வாயைத் தொறந்துச்சுன்னா வீடே அதிரும்.”

அவன் பெரியப்பாவைக் குடும்பத்தில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். காது மந்தம், கோபம் மட்டும் துல்லியம். தன் வீட்டுத் திண்ணையை விட்டு எங்கேயும் போகிறதில்லை என்பது அவர் தீர்மானம். அவர் பேரை எடுத்துத் துப்பாக்கிக்கு வைத்துவிட்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதிலிருந்து பெரியவர் வந்துட்டார், பெரியவருக்கு எண்ணெய் தேய்க்கணும், பெரியவர் தூங்கிட்டார் என்பதுதான் வீட்டுப் பாஷை. தூங்கிட்டார் என்றால் காலி செய்து, லாக்கரில் வைத்து, பூட்டி, இழுத்தும் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் போன் வந்த பிறகுதான் அவள் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடம் விட்டு அங்கே உட்கார்ந்திருக்கும் வாலுவை வீட்டுக்கு அனுப்பச் சொல்வாள். எதிர்வீட்டு அக்காவுக்கு இந்தப் பாஷை தெரியாது. கன்மேன் வேலையிலிருந்து வரும் வரைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் அவள் அறிந்தது.

அன்றைக்குச் சலவைக் கூடத்தில் தலைக்கு மேல் வேலை. ஓட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. நீராவியில் முகமெல்லாம் ஊறிப்போய் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் எதிர்வீட்டு அக்கா.

“கேளு… எனக்குப் பல்லு…” அக்காவின் குரல் கன்னத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளாகவே வீங்கிய கன்னத்தோடு அலைகிறாள். “டாக்டர் உடனே வரச் சொல்லிட்டார். பாப்பாவ அனுப்பட்டுமா?”

“அவர் வந்துட்டாராக்கா?”

“வந்தாச்சு. வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாரு. பெரியவர் தூங்குறாராம்.”

அவள் தோள் இரண்டும் தானாக இறங்கின. போன் ஏன் அவனிடமிருந்து வரவில்லை என்று ஒரு நினைப்பு ஓரமாக எட்டிப் பார்த்தது. ஆனால் மிஷின் உஸ்ஸென்று சீறி, அடுத்த விரிப்பு வந்து விழுந்தது.

“அவரே சொன்னாரா?”

“அவரேதான். ஐயோ, பேச முடியலம்மா, வலி உயிர் போகுது.”

“சரிக்கா, அனுப்பிடுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

இதில் யாரைக் குறை சொல்ல? பல்வலிக்காரி அரை வாக்கியத்தை விழுங்கிவிட்டாள். அவன் வாசலில் நின்று சொன்னது, “பெரியவர் தூங்குறார், பாப்பா இப்ப வந்தா எழுப்பிடுவா, கொஞ்ச நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று. அக்காவுக்கு முதல் பாதிதான் காதில் நின்றது, மீதியைப் பல் பிடுங்கிக்கொண்டது. ஆனால் இவளுக்காவது உறைத்திருக்க வேண்டும். அவன் எப்போதும் சொல்கிற வார்த்தை தூங்கிட்டார். தூங்குறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முடிந்துபோன காரியத்துக்கும் நடந்துகொண்டிருக்கிற காரியத்துக்கும் நடுவே ஓரிரண்டு எழுத்து. அந்த எழுத்தில் அவள் வழுக்கினாள்.

இரண்டு விரிப்பு தேய்த்து முடிப்பதற்குள் கூடத்து வாசலில் யூனிபாரம் தெரிந்தது. கன்மேனேதான். வியர்வை வழிய, சிரித்த முகமாக நின்றான். தோளில் துப்பாக்கி இல்லை.

“என்னங்க, இங்க வந்து நிக்கிறீங்க?”

“உன் சாவியக் குடு. என்னோடது யார்டுலயே மாட்டிக்கிச்சு. காலையில கழட்டின சட்டையில கெடக்கு.”

“எந்தச் சாவி?”

“எந்தச் சாவின்னா? லாக்கர் சாவிதான்.”

அவள் கை கழுத்துக் கயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது. “பெரியவர் தூங்கிட்டார்னு சொன்னீங்களாமே?”

“ஆமா, தூங்குறார். தெரு முனை வரைக்கும் கேக்குது குறட்டை. பஸ்ல வந்த அலுப்பு.”

“பஸ்ஸா? யாருங்க பஸ்ல வந்தது?”

“பெரியப்பாதான்! கேளு கூத்த. கண்ணுல புரையாம், ஆபரேஷன் பண்ணணுமாம். ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பி வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்கிறார். யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குப் போன் போட்டுக் குடுத்திருக்கான். வேலை முடிஞ்சு காலி வண்டி அந்த வழியாத்தான் போச்சு, அங்கயே எறங்கிட்டேன். வந்ததும் காது மிஷினக் கழட்டி வச்சுட்டு நம்ம கட்டில்ல சாஞ்சவர்தான்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். “ஏன், என்னாச்சு?”

“நம்ம பெரியவர் எங்கங்க?”

“கட்டிலுக்கு அடியில. உறையோட தள்ளி வச்சிருக்கேன். சாவிய வாங்கிட்டு இதோ ஓடிடலாம்னு… பாப்பாதான் எதிர்வீட்டுல இருக்காளே.”

“இல்ல” என்றாள் அவள். “இல்லைங்க. வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டேன். நீங்க தூங்கிட்டார்னு சொன்னதா நெனச்சு, நான்தான் அனுப்பச் சொன்னேன்.”

அவன் முகம் வெளிறிப் போவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதையும் கேட்டாள்.

“தோட்டா எடுத்தாச்சுல்ல?”

“அதெல்லாம் எடுத்தாச்சு, எடுக்காம…” என்றபடி அவன் கை பழக்கத்தில் இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. விரல்கள் வளையங்களைத் தடவிக்கொண்டே வந்து கடைசியில் நின்றன. கடைசி இரண்டு வளையமும் காலி. காலையில் துப்பாக்கிக்குள் போன இரண்டும் சாயங்காலம் திரும்பி வந்து உட்கார வேண்டிய இடம் அது.

“நான் இன்னிக்கு யார்டுக்குப் போகல” என்றான் அவன்.

மிஷினை அணைத்தாளா, விரிப்பு என்ன ஆயிற்று, எதுவும் அவளுக்குத் தெரியாது. செருப்புகூடப் போடவில்லை. இரண்டு பேரும் ஓடினார்கள். ஓடிக்கொண்டே எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து, கடைசியில் அக்கா எடுத்தாள்.

“அக்கா, பாப்பா எங்க?”

“அன்ப்பிட்டேனே…” ஊசி போட்டு மரத்துப்போன வாயிலிருந்து வார்த்தை கொழகொழவென்று வந்தது. “அப்பவே… உள்ள போனத நின்னு பாத்துத்தான்…”

அவள் போனை அணைத்தாள். வீட்டில் இருக்கிற ஒரே பெரிய மனுஷருக்கு மொபைல் கிடையாது, இருந்தாலும் கேட்காது. அடுத்தவர்களைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லலாமா என்றால், கதவைத் தடதடவென்று தட்டி உள்ளே நுழைகிற யாரோ ஒருவர் என்ன செய்து வைப்பார்களோ? பிள்ளை பயந்து எதையாவது பிடித்துக்கொண்டால்? ஐயோ, வேண்டவே வேண்டாம். அவள் கால் தரையில் படுகிறதா என்பதே தெரியாமல் ஓடினாள். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த தெருவில் பலகை மேல் நடக்க வரிசையாக நின்ற ஜனங்களை அவன் தள்ளிக்கொண்டு போனான். எவனோ திட்டினான். எங்கோ ஒரு வண்டிச் சக்கரம் டமாரென்று வெடித்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“டயர்! டயர்தான்! எழுந்திரு!” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்தோமே, அது இன்றைக்குத்தானா பற்ற வேண்டும் என்று அழுதுகொண்டே ஓடினாள். கட்டிலுக்கு அடி வாலுவின் ராஜ்யம். கோபம் வந்தால் அங்கே, ஒளிந்து விளையாடினால் அங்கே, தின்னக் கூடாததைத் தின்பதும் அங்கேதான். இது இந்த மனுஷனுக்கும் தெரியும். தெரிந்தும் அங்கே கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறான். பெற்ற அப்பன்! ஆனால் அனுப்பச் சொன்னவள் யார்? அந்த இடத்துக்கு வந்ததும் அவள் வசவு நின்றுவிட்டது.

அவர்கள் வீட்டுக்கு ஏறும் மாடிப்படியில் மகளின் புத்தகப் பை கிடந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலில் பிள்ளையின் ஷூ இரண்டும் ஒழுங்காக, ஒட்டி வைத்திருந்தன. சாக்ஸைக் கழற்றினால் ஷூவுக்குள் திணித்து வைப்பது அவள் வழக்கம். ஷூவுக்குள் சாக்ஸ் இல்லை. உள்ளே பெரியப்பாவின் குறட்டை மட்டும் கேட்டது.

அவன் முன்னால் பாயப் போனான். அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எங்கிருந்து அந்த நிதானம் வந்தது என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. படுக்கையறை வாசலில் மண்டியிட்டு, கன்னம் தரையில் பட, கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

முதலில் தெரிந்தது இரண்டு வெறுங்கால். ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. உயிர் வந்தது அவளுக்கு. அதே நொடியில் மற்றது தெரிந்து, வந்த உயிர் போயிற்று.

வாலு சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உறையின் ஜிப்பை முழுக்கத் திறந்து, துப்பாக்கியை வெளியே எடுத்து, அதன் முன்பாதியைத் தன் சின்னத் தலையணை மேல் வைத்திருந்தாள். மேலே அம்மாவின் துண்டைப் போர்த்தியிருந்தாள். குழலின் முனை அவள் மூக்குக்கு நேரே இருந்தது. அதன் மேல் அவளுடைய பள்ளிக்கூட சாக்ஸ் மாட்டியிருந்தது. ஒரு கையால் துண்டின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள், தூங்காத குழந்தையைத் தட்டுவது போல.

அம்மாவைப் பார்த்ததும் அவள் கண்ணை அகல விரித்து, “உஸ்ஸ்” என்றாள். “சத்தம் போடாதம்மா. பெரியவர் தூங்குறார்.”

தெரியாத ஒன்றைப் பிள்ளை தேடாது என்று நினைத்தார்களே, அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தினமும் காதில் விழுகிற பேரல்லவா? யார் பெரியவர் என்று கண்டுபிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ.

பக்கத்தில் படுத்து எட்டிப் பார்த்த அவன், அவள் காதோரம் மூச்சாகவே சொன்னான். “வார்… வாரப் பாரு.”

துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிற தோல் வார் அது. அதன் ஒரு சுருள், விசையைச் சுற்றியிருக்கிற வளையத்துக்குள் புகுந்து விசை மேலேயே கிடந்தது. மறுபக்கம் பிள்ளையின் கணுக்காலில் மாட்டியிருந்தது. அவள் காலை உதறினால் போதும்.

“சேஃப்டி லாக் போட்டிருக்கீங்களா?”

ஞாபகமில்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

“கண்ணு” என்றாள் அம்மா. கதை சொல்கிற குரலைத் தேடி எடுத்தாள். “பெரியவர் இப்பத்தான் அசந்திருக்கார். நாம மெதுவா, மெதுவா, அவர எழுப்பாம வந்துடலாமா?”

“அவர் தூங்கவே மாட்டேங்குறார்மா. ரெண்டு கண்ணும் தொறந்தே இருந்துச்சு. உள்ள ஒரே இருட்டு. நான்தான் மூடி விட்டேன்.”

இரட்டைக் குழல். பிள்ளை அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் பக்கத்தில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. புறங்கையைக் கடித்துக்கொண்டு அழுகிறான் என்று தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

“நல்ல காரியம் பண்ணினடி என் தங்கம். இப்ப அம்மா சொல்றத மட்டும் கேளு. தட்டினது போதும், கைய எடுத்துக்கோ. ஆ… அப்படித்தான். உன் காலு அவரோட பெல்ட்டு மேல இருக்கு பாரு. இழுக்காத. இழுத்தா அவருக்கு வலிக்கும். கால மேல தூக்கு. இன்னும் கொஞ்சம்.”

வாலு காலைத் தூக்கினாள். வார் அவள் கணுக்காலோடு ஒட்டிக்கொண்டே மேலே வந்தது. விசை வளையத்தில் சுருள் இறுகுவது கண்ணுக்குத் தெரிந்தது.

“நில்லு!”

பிள்ளை காலைத் தூக்கியபடியே நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கட்டில் மேலே பெரியப்பா புரண்டு படுத்தார். பலகை கிறீச்சிட்டு வளைந்து, துண்டு போர்த்திய குழலைத் தொட்டுவிட்டு மேலே போனது. குறட்டை நின்றது. வேறு யாரும் இல்லை, எமனே ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது. பிறகு குறட்டை திரும்பவும் கிளம்பியது.

“அம்மா, கால் வலிக்குது.”

“தெரியுதுடா செல்லம். இப்ப உன் கையால அந்தப் பெல்ட்ட காலிலேர்ந்து கழட்டு. பூச்சிய எடுத்து வெளிய விடுவியே, அவ்வளவு மெதுவா. கீழ போட்டுடாத. வை.”

சின்ன விரல்கள் வாரைப் பிடித்தன, கணுக்காலிலிருந்து நகர்த்தின, தரையில் வைத்தன. சுருள் தளர்ந்தது.

“இப்ப அவர் மூஞ்சிக்கு நேரா இருக்காத, அவருக்கு மூச்சு முட்டும். சுவத்தோட ஒட்டிக்கோ. அப்படியே கால்மாட்டுப் பக்கமா ஊர்ந்து வா. பெரியவரத் தொடாம வரணும், தொட்டா நீ அவுட்டு.”

வாலுவுக்கு இது விளையாட்டாகிவிட்டது. பல்லிபோலச் சுவரோடு ஒட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வந்தாள். கட்டிலின் விளிம்பில் தலை தெரிந்ததும் அம்மா அவளைப் பிடுங்கி எடுத்து, மார்போடு அழுத்திக்கொண்டு, கதவுக்கு வெளியே போய், கூடத்தையும் தாண்டி, அடுப்படிச் சுவருக்குப் பின்னால் போய் விழுந்தாள். மூக்கைத் தடவினாள், கண்ணைத் தடவினாள், கை காலெல்லாம் தடவினாள். “நான் அவுட்டா?” என்று பிள்ளை கேட்டது. “இல்லடி, இல்லடி, இல்லடி” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே அவன் குப்புறப் படுத்து, முதலில் சுருளை விசையிலிருந்து விடுவித்து, குழலைச் சுவர்ப்பக்கமே வைத்துக்கொண்டு அதை வெளியே எடுத்தான். மடக்கித் திறந்தான். இரண்டு தோட்டாவும் தரையில் விழுந்து, டக் டக்கென்று உருண்டு, கூடத்துக்கே வந்து நின்றன. விரல் தடிமனில் சிவப்பாக இருந்தன.

அந்தச் சத்தம் எப்படித்தான் எட்டியதோ, பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“யாரது? எல்லாரும் வந்தாச்சா?” என்று வீடு அதிரக் கேட்டார்.

“நாங்கதான் பெரியப்பா. நீங்க தூங்குங்க.”

“எங்கடா தூங்குறது? புது எடம். கண்ணே மூடல எனக்கு” என்றார் பெரியவர்.

அவள் சாவியோடு கழுத்துக் கயிற்றை அறுத்தே கொடுத்தாள். அவன் குழலுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்து, “காலி” என்று தனக்குத்தானே சொல்லி, உள்ளே வைத்து, பூட்டி, இழுத்துப் பார்த்தான். ஒருதரம் இழுத்தவன் மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவன் வாய் வேறு எதையும் பழகியிருக்கவில்லை.

“பெரியவர் தூங்கிட்…”

“சொல்லாதீங்க!” என்று அவள் கத்தினாள். பெரியப்பாவுக்கே அது கேட்டிருக்கும். “அந்த வார்த்தை இனிமே இந்த வீட்ல வரக் கூடாது. பெரியவர், பெரியவர்னு பேர் வச்சு அத சொந்தக்காரனா ஆக்கி வச்சோம் பாருங்க, நம்மள எதால அடிக்கிறது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நாளைக்கு யார்டுல பேசறேன். அங்கயே பூட்டி வச்சுக்க எடம் கேக்கறேன். இல்லன்னா இந்த வேலையே வேணாம்” என்றான். அவள் மகளை மடியிலிருந்து இறக்கி, எதிரே நிற்க வைத்தாள். இத்தனை காலம் இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. ஆனாலும் சொன்னாள்.

“இங்க பாரு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சே, அது பெரியவர் இல்ல. அதுக்குப் பேர் துப்பாக்கி. சொல்லு.”

“துப்பாக்கி.”

“அது ஆளக் கொல்லும். எங்க பாத்தாலும் தொடக் கூடாது. பாத்த எடத்துலேர்ந்து ஓடி வந்து அம்மாகிட்ட சொல்லணும். அப்பாகிட்ட சொல்லணும். யாருகிட்டயாவது சொல்லணும்.”

வாலு அப்பாவைப் பார்த்தாள். தரையில் கிடந்த சிவப்புத் தோட்டாக்களைப் பார்த்தாள். விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.

“அப்ப அது தூங்காதா?”

“தூங்காதுடா. பூட்டித்தான் வைக்க முடியும்.”

பிள்ளை தட்டிக்கொண்டிருந்த அந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நான் தட்டிக் குடுத்தேனே. அப்பவும் முழிச்சுக்கிட்டா இருந்துச்சு?”

“ஆமா” என்றாள் அவள்.